நான் நல்லவனாக்கிய டிரைவர்

பீடோர் தியேட்டரின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு லோரி போகும். வாரம் முழுக்க ரப்பர் மரத்து ஒட்டுப்பால் ஏற்றுகிற லோரி அது. தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி வாங்கி அப்பாதான் ஓட்டுவார். சனிக்கிழமை மத்தியானமே அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார். ஆனால் ஒட்டுப்பால் வாடை சோப்புக்கு அடங்குகிற வாடை இல்லை. அது எங்கள் சட்டையில் ஏறி, எங்களோடேயே தியேட்டருக்குள் வரும். மற்றவர்கள் எங்களை விட்டு இரண்டு வரிசை தள்ளி உட்காருவார்கள். "நமக்கு மட்டும் ரிசர்வ் சீட்டு மச்சான்," என்பான் என் கூட்டாளி. அவனும் நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தோம். ஆறாம் வகுப்பு முடிந்ததும் அவன் பால் வெட்டப் போனான். நான் மேலே படிக்கத் தாப்பாவுக்குப் பஸ் ஏறினேன்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. நான் அப்போது ஈப்போவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வரை புந்தோங்கில் மாமா வீடு, சனி ஞாயிறு தோட்டம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை. அதனால் எங்கள் லயத்து வீடுகளுக்கு வருகிற எழுத்தெல்லாம் என் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற தாள், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், கடையில் வாங்கிய கொசுமருந்தின் உறை. நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், சனிக்கிழமை மாலை வாசலில் இரண்டு பேராவது நிற்பார்கள்.

ஆனால் தோட்டத்து ஆபீஸிலிருந்து வருகிற கடிதங்கள் மட்டும் என்னிடம் வந்ததில்லை. அவற்றை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணிதான் வாசிப்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகப் படித்தவர், வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாதவர். பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடுகிற அந்த இடத்தில், கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவார். கடிதமோ இரண்டு பக்கம் இருக்கும். மிச்சம் எங்கே போனது என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

அந்த வருஷம் ஒரு பெரிய கடிதம் வரப்போகிறது என்று சொன்னார்கள். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள். பாதிப் பேர் இங்கேயே இருக்கலாம், பாதிப் பேர் கம்பெனியின் இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டும். யார் எங்கே என்று குடும்பத் தலைவர்கள் கையெழுத்துப் போடவேண்டும். கடிதம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, பால் வெட்டில் ஆண்களை முந்துகிறவர், பைப்படியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இந்தத் தடவ நம்ம தம்பி படிக்கட்டும். முழுசா படிக்கட்டும். இவ்ளோ வருஷம் பஸ் ஏறிப் போனது சும்மாவா?"

சரி என்றார்கள்.  மறுநாள் அப்பா எனக்குப் புதிதாக ஒரு பேனா வாங்கி வந்தார். கடிதத்தைப் படிக்கப் பேனா எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த மூன்று வாரத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் படம் வந்து மாட்டியது.

தமிழ்ப் படத்துக்காகத்தான் போயிருந்தோம். படப்பெட்டி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பஸ்ஸில் வரவேண்டும், அன்றைக்கு வரவில்லை. தியேட்டர் முதலாளியான சீனத் தவுக்கே கையிலிருந்த ஓர் ஆங்கிலப் படத்தை ஓட்டிவிட்டார். அடியில் சீன எழுத்து ஓடியது. ஐந்து நிமிஷத்தில் எங்கள் வரிசைகளில் சலசலப்பு. கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலங்கள் பிரிந்தன. பிள்ளைகள் ஓடிப்பிடிக்கத் தொடங்கின.

"ஏன் எல்லாரும் சத்தம் போடுறீங்க? ஈப்போவுல படிக்கிறவன் ஒருத்தன் இங்க உக்காந்திருக்கான்," என்றான் கூட்டாளி. என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். "எந்திரி மச்சான். கதையச் சொல்லு."

தவுக்கே கையில் டார்ச் லைட்டோடு வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, டிக்கெட் காசைத் திருப்பித் தருவதைவிட இது எவ்வளவோ மேல் என்று முடிவு செய்திருக்கவேண்டும். ஒரு மர முக்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டார். "லு சாக்காப். டியா ஓராங் டூடோக்," என்றார். நீ பேசு, அவர்கள் உட்காரட்டும்.

நான் முக்காலியில் ஏறினேன்.

கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு நாட்டின் அதிபரைக் கொல்ல அவருடைய தளபதிகளும் ஒரு மந்திரியும் போட்ட சதி, அதுதான் கதை. நாட்டின் பெயர் எங்கள் தோட்டத்தில் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் "அந்த நாடு" என்றே சொல்லிவந்தோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். படத்தின் தொடக்கத்தில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்திருந்தது. அதை நான் முக்காலி மேலிருந்து மறுபடி ஞாபகப்படுத்தி அறிவித்தேன்: "இதில் காட்டுவதெல்லாம் உண்மையில் நடந்தது."

உண்மையில் நடந்தது என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் படம் பார்த்து அழுவார்கள், சிரிப்பார்கள், கதாநாயகனுக்கு யோசனை சொல்வார்கள். ஆனால் நடந்த கதை என்றால் அவர்கள் கேட்கிற விதமே வேறு. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. தளபதிகள் மெதுவாகப் பேசினார்கள். பெரிய மனிதர்கள் எந்த மொழியிலும் மெதுவாகத்தான் பேசுவார்கள். பிறகு அதிபரின் கார் டிரைவர் வந்தார். ஒல்லியான மனிதர், தலையில் தொப்பி. கார்க் கொட்டகையில் சதிகாரன் ஒருவனோடு அவர் பேசத் தொடங்கினார். என்ன வேகம். எனக்கு ஒரு சொல் பிடிபட்டால் அடுத்த பத்துச் சொல் ஓடிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி," என்றார் அக்கா இருட்டிலிருந்து. "அவனுங்க ரெண்டு பேரும் வாய் ஓயாமப் பேசுறானுங்க. நீ மரம் மாதிரி நிக்கிற?"

முன்வரிசை ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் 'புரியவில்லை' என்ற சொல் எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"காட்டிக் குடுத்தா பங்களா தாரேன்னு சொல்றான். டிரைவர் முடியாதுங்கிறாரு. 'நான் ஓட்டுற வண்டில உக்காந்தவர எறக்கி விடுறதுதான் என் வேலை, விக்கிறது இல்ல'ங்கிறாரு."

தியேட்டரே கை தட்டியது. அப்பா தட்டவில்லை, ஆனால் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தார்.

ஒரு தடவை நல்லவனாக்கிய பிறகு அந்த மனிதரைக் கடைசி வரை நல்லவராகவே கொண்டுபோகவேண்டியதாயிற்று. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தால், அதிபர் பத்திரமாகப் போய்ச் சேரவேண்டுமே என்று தவிக்கிறார் என்றேன். நெற்றியில் வேர்த்தால், முதலாளிக்காகப் பயப்படுகிறார் என்றேன். திடீரென்று வேறு பாதையில் காரைத் திருப்பியபோது ஒரு நொடி எனக்கே சந்தேகம் தட்டியது. ஆனாலும், "தப்பிக்கிறதுக்காகச் சுத்துவழியில போறாரு," என்று சமாளித்தேன். அந்த வழியில் ஒரு பாலத்தில்தான் சுட்டார்கள். அதிபர் போனார், டிரைவரும் போனார். கடைசியில் நிஜ மனிதர்களின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைக் காட்டினார்கள். நிஜ டிரைவரின் படம் வந்தபோது அக்கா எழுந்து நின்று கும்பிட்டார். அவரைப் பார்த்து எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்றது.

லோரியில் திரும்பும்போது யாரும் பாடவில்லை. எல்லோரும் டிரைவரைப் பற்றியே பேசினார்கள். அப்பா அன்றைக்குப் பள்ளம் மேடு பார்த்து, முட்டை ஏற்றிய வண்டி மாதிரி ஓட்டினார்.

அடுத்த ஒரு வாரத்தில் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. பீடோர் கோப்பிக் கடையில் அப்பா அதைச் சொன்னார். பால் நிறுக்கிற ஸ்டோரில் சொன்னார். தாப்பாவில் டயர் மாற்றப் போன இடத்திலும் சொன்னார். நான் அடுத்த சனிக்கிழமை வந்தபோது டிரைவருக்குக் கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகள் பிறந்திருந்தன. மூத்தவனுக்கு மார்ச்சளி. பங்களாவை மறுத்த இரவு அந்தப் பிள்ளைக்கு மருந்து வாங்கக்கூட வழியில்லை என்று அப்பா சொன்னபோது, ஸ்டோரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"உங்கப்பா ஒன்ன விடப் பெரிய ஆளு மச்சான்," என்றான் கூட்டாளி. "நீ ரெண்டு மணி நேரத்துல கொன்னுட்ட. அவரு பால் ஸ்டோர்ல மூணு நாளா உசுரோட வச்சிருக்காரு."

திங்கட்கிழமை காலை பீடோரில் ஈப்போ பஸ்ஸுக்கு நின்றபோது கிராணியின் மகளும் நின்றாள். அவளும் ஈப்போவில் ஆறாம் படிவம்தான், வேறு பள்ளி. இரண்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் போகிறோம். பேசியது நான்கைந்து தடவை இருக்கும். அவள் முன்னால், நான் பின்னால். அன்றைக்குப் பஸ்ஸில் அவளாகவே வந்து எனக்குப் பக்கத்து இருக்கையில் புத்தகப் பையை வைத்துவிட்டு அதற்கு அப்பால் உட்கார்ந்தாள்.

"உம்மட டிரைவற்ர கதை எங்கட வீட்டுக்கும் வந்திட்டுது," என்றாள். "எங்கட அம்மா அழுதவ."

"நல்ல படங்க," என்றேன்.

"ஓம், நல்ல படம். நான் போன மாசம் ஈப்போவில மச்சாளோட பாத்தனான்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "படத்தில அந்த டிரைவர்தானே காசு வாங்கிக்கொண்டு அவையைப் பாலத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனவன்?"

 பஸ் தாப்பாவைத் தாண்டுகிறவரை அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "சுத்துவழியில தப்பிக்கிறார் எண்டு சொன்னீராம்," என்று மறுபடி மறுபடி சொல்லிச் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் உண்மையான செய்தியைச் சொன்னாள். படப்பெட்டி இந்த வாரம் தாப்பாவுக்கு வருகிறது. அவளுடைய அப்பா ஆங்கிலப் படம் எதையும் விடமாட்டார். சனிக்கிழமை போகப்போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பெரட்டுக் களத்தில் கடிதத்தைப் படிக்கவேண்டும். படம் பார்த்துவிட்டு வந்த கிராணி ஒரு வார்த்தை சொன்னால் போதும்: உங்கள் பையன் இல்லாததைச் சேர்த்துச் சொல்கிறவன். அதற்குப் பிறகு நான் கடிதத்தில் எதைப் படித்தாலும் யார் நம்புவார்கள்? மறுபடியும் இரண்டு பக்கம் இரண்டு வரியாகிவிடும். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

"நீங்க உங்கப்பாகிட்ட சொல்லப்போறீங்களா?" என்றேன்.

"நான் ஏன் சொல்ல? அவரே பாக்கப்போறார்." பிறகு கொஞ்சம் மெதுவாக, "நீர் முந்திக்கொள்ளும்," என்றாள்.

முந்திக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். படம் நடந்த கதை. நடந்ததை அறியப் படம் ஒன்றுதானா இருக்கிறது? படம் தவறாக இருந்து, நிஜ டிரைவர் உண்மையிலேயே நல்லவராக இருந்துவிட்டால், நான் சொன்னது பொய்யே இல்லை. புதன்கிழமை பள்ளி விட்டதும் ஈப்போ நூலகத்துக்குப் போனேன். பழைய ஆங்கில வாரப் பத்திரிகைகளைக் கட்டி வைத்திருக்கிற அறையில் ஒரு மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தேடவேண்டிய கட்டை ஏற்கெனவே விரித்து வைத்திருந்தாள்.

"வருவீர் எண்டு தெரியும்," என்றாள். "இதைப் பாரும்."

படத்தின் கடைசியில் காட்டிய அதே புகைப்படம். ஒல்லியான மனிதர், தொப்பி. பக்கத்தில் இருந்த கட்டுரையை நாங்கள் இருவரும் ஒரே விரலால் வரி பிடித்து வாசித்தோம், விரல் அவளுடையது. சதி உண்மை. தளபதிகள் உண்மை. பாலம் உண்மை. காரில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. பாதையை மாற்றச் சொன்னது யார் என்று விசாரித்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. டிரைவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் யாருக்கும் தெரியாது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"அப்ப அந்தக் கார்க் கொட்டகைக் காட்சி?" என்றேன்.

"படம் எடுத்தவையும் உம்மைப் போலத்தான். தெரியாத இடத்தில தங்கட கையால எழுதிப்போட்டினம்." இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "நீர் நல்லவனாக்கினீர். அவை கெட்டவனாக்கிச்சினம். அவ்வளவுதான் வித்தியாசம்."

நூலகத்திலிருந்து புந்தோங்குக்கு நடந்தே போனேன். அந்தக் கறுப்புத் திரையின் வெள்ளை எழுத்து எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அச்சில் வந்தால் அது உண்மை என்று நம்பித்தான் நான் படித்தேன். என்னை நம்பித்தான் தோட்டம் இருந்தது. உண்மையான பாலத்தையும் உண்மையான புகைப்படத்தையும் இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் இல்லாத ஒன்றைச் செருகிவிட்டால் அதுவும் உண்மை போலவே நிற்கிறது. இப்போது பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போதும், படம் பார்த்துவிட்டு வந்து 'சார், இது நடந்ததா?' என்று அவர்கள் கேட்கும்போதும், எந்தக் காட்சியில் யார் உயிரோடு வந்து சாட்சி சொல்லியிருக்க முடியும் என்று திருப்பிக் கேட்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குக் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. 

சனிக்கிழமை மத்தியானம் அப்பா லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்குச் சக்கரம் வசதி. எல்லாவற்றையும் சொன்னேன். புரியாமல் நின்றதை, பங்களாவை, பாலத்தை, நூலகத்தை.

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா அதை மூடிவிட்டு வந்து படிக்கட்டுத் தகட்டில் உட்கார்ந்தார்.

"குடும்பம் இருந்துச்சா அந்த ஆளுக்கு?"

"ரெண்டு பொண்ணுப்பா."

"அந்தப் புள்ளைங்க இந்தப் படத்தப் பாத்திருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

"அப்பன் செத்த பெறகு அப்பன் திருடன்னு படம் எடுத்துக் காட்டுறான்," என்றார். "நீ சொன்ன பொய்யாவது அதுங்களுக்கு நல்லாருந்திருக்கும்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனாலும் பொய்தான்," என்றார். அதன் பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "டேய், நான் அந்த மூத்த பையனுக்கு மார்ச்சளி எல்லாம் வர வச்சிட்டேன்டா. அதுக்கு என்ன பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை காலை பெரட்டுக் களத்தில் எல்லாக் குடும்பங்களும் இருந்தன. ஆபீஸ் வராந்தாவில் கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் படம் பார்த்த முகம் அது. எதையோ சொல்லக் காத்திருக்கிற முகம். அவருக்குப் பின்னால் கதவோரத்தில் அவள்.

குடும்பத்துக்கு ஒன்றாக வந்திருந்த கடிதத்தில் அக்கா என்னிடம் கொடுத்ததை மடித்துப் பையில் வைத்தேன்.

"கடிதம் படிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்," என்றேன். சொன்னேன்.  டிரைவர் நல்லவர் என்று படத்தில் இல்லை, எனக்குப் புரியாததால் நானே சேர்த்தேன். படத்தில் கெட்டவராகக் காட்டுகிறார்கள், அதுவும் அவர்கள் சேர்த்தது. உண்மையில் என்ன என்று யாருக்கும் தெரியாது.

 அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப நான் எந்திரிச்சுக் கும்பிட்டது?"

"அந்தாளு செத்தது உண்மைதாங்க்கா," என்றான் கூட்டாளி. "செத்தவனக் கும்பிட்டா தப்பில்ல லா."

பின்னால் ஒருவர் கேட்டார்: "சரி தம்பி, இந்தக் கடிதாசிலயும் டிரைவர் வர்றானா?"

அவ்வளவுதான். களமே சிரித்தது. பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தன.  ஆனால் அக்கா மட்டும் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, கையை நீட்டி என்னைக் காட்டிப் பேசினார்.

"சிரிக்கிறது சரி. கடிதாசி சினிமா இல்ல. தம்பி, இனிமே இப்பிடிச் செய்யி. தெரிஞ்சத படி. தெரியாத எடம் வந்தா கையத் தூக்கு. வெக்கப்படாத. நீ கையத் தூக்கினா நாங்க பொழச்சுக்குவோம். நீ சும்மா ஒண்ணு சொல்லிட்டா நாங்கதான் பொட்டியத் தூக்கணும்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கிராணி நாற்காலியில் அசைந்தார். "நான் சொல்ல வந்ததைத் தம்பி தானே சொல்லிப்போட்டார்," என்றார் பொதுவாக. அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியையும் முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். வேலை, வீடு, போகவேண்டிய நாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு நீண்ட வாக்கியம் வந்தது. வேறு தோட்டத்துக்குப் போகிறவர்களின் பழைய வேலைக்காலத்தைப் பற்றியது. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். சேர்த்துப் படித்தால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை படித்தேன். பழைய வருஷங்களைக் கணக்கில் எடுப்பார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம், எடுக்கமாட்டார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கையைத் தூக்கினேன்.

நான் எதிர்பார்த்தது ஒரு பெருமூச்சோ முணுமுணுப்போ. ஆனால் கூட்டாளி கை தட்டினான். "நம்பலாம் லா, இவன நம்பலாம்," என்றான்.

அக்கா என் கையிலிருந்து தாளை வாங்கி, நான் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, நேராக வராந்தாவுக்கு நடந்தார். கூட்டம் அவர் பின்னால் போனது. "கிராணி ஐயா, இந்த எடம் மட்டும் என்னா சொல்லுது?"

கிராணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார். இத்தனை வருஷமாக அவர் இரண்டு வரியில் முடித்ததன் ரகசியம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நேர்மையான மனிதர்தான், பொய் சொல்லவில்லை.

"இதை... துரையிட்டத்தான் கேக்கவேணும்," என்றார்.

"கிராணி ஐயாவும் கையத் தூக்கிட்டாரு," என்றார் அக்கா, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து.

கதவோரத்தில் முதலில் சிரித்தது அவருடைய மகள். கிராணி கோபமாகத் திரும்பினார், அவளைப் பார்த்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவருக்கு முன்பல்லில் ஒன்று தங்கம் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் துரையின் அறைக்கு நான்கு பேர் போனோம்: அக்கா, அப்பா, கிராணி, நான். கிராணியே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார், எங்கள் பக்கம் நின்று கேட்டார். துரை அந்த வாக்கியத்தைப் படித்தார். போகிறவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்பதுதான் அதன் பொருள் என்றார். இருபது வருஷம் பால் வெட்டியவரும் நேற்று வந்தவரும் ஒன்று.

"அப்படின்னா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்கன்னு சொல்லு," என்றார் அக்கா. நான் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

துரைக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும். ஈப்போவிலிருந்த பெரிய ஆபீஸோடு இரண்டு தடவை டெலிபோனில் பேசினார். ஆபீஸ் திரும்ப வாங்கிப்போன எல்லாக் கடிதங்களும் புதன்கிழமை வந்தன. அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கோடு. அதன் ஓரத்தில் துரை தன் கையாலேயே நீல மையில் எழுதி, கீழே கையொப்பம் இட்டிருந்தார்.

மாமா வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஈப்போ திரும்பியிருந்த என்னை வரவழைத்தார்கள். சாயங்காலம் களத்தில் நின்று அந்த ஒரு வரியைப் படித்தேன். பழைய வேலைக்காலம் முழுவதும் அப்படியே தொடரும். கிராணி பக்கத்தில் நின்று, சரி என்று தலையாட்டினார். மேசை போட்டார்கள். முதல் ஆளாக அக்கா விரலில் மை தொட்டுக்கொண்டு, வைப்பதற்கு முன்னால் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவ படி தம்பி."

படித்தேன். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவரும். வரிசை முடியும்வரை ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வரியைப் படித்தேன். கடைசியாக அப்பா வந்தார். அவர் இந்தத் தோட்டத்திலேயே இருக்கப்போகிறவர். அந்த வரி அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, முழுதும் கேட்டுவிட்டுத்தான் தன் பெயரை எழுதினார்.